லேசர் சூட்டில் ஹார்ட் டிஸ்க்கின் உராய்வுநீக்கிப் படலம் தாங்குமா?

கற்சிலைமடு எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பழைய கல்யாணப் படங்கள், கோயில் கணக்குக் கொப்பிகள், கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிக்கைகள், வயது போனவர்கள் பேசும் வீடியோக்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிச் சேர்த்து வருகிறோம். 2009 இல் பெட்டி பெட்டியாகத் தொலைந்தது போக மிஞ்சியதுதான் இவை, பலதுக்கு வேறு பிரதியே கிடையாது. இப்போது 7 டெராபைட் அளவுக்கு வந்துவிட்டது, அதுவும் சின்னச் சின்ன டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கிறது. கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 30 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார். சீகேட் 2024 ஜனவரியில் மொசைக் என்ற பெயரில் அறிவித்த வகை, லேசரால் சூடாக்கி எழுதுவது.

அதைப் பற்றி வாசித்துப் பார்த்த பிறகுதான் குழப்பம் தொடங்கியது. டிஸ்க்கின் தட்டில் காந்தப் படை, அதற்கு மேல் கரிப் படை, அதற்கும் மேல் 1 நனோமீற்றர் அளவு தடிப்பில் ஒரு உராய்வுநீக்கிப் படலம் இருக்கிறது. தட்டுக்கு மேல் பறந்தபடி எழுதி வாசிக்கும் முனையான ஹெட் உரசினாலும் தட்டு கீறுப்படாமல் இருப்பதற்காகத்தான் அந்தப் படலம். அதே இடத்தை லேசர் 400 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்குகிறது. எனக்குத் தெரிந்த எந்த எண்ணெயும் அந்தச் சூட்டுக்கு முதலே புகைந்துவிடும். அப்படியென்றால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் படலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகாதா? போனால் திரும்பி வருமா? இங்கே ஓகஸ்டில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் வெக்கை இதில் இன்னும் சேருமா? விசயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், இதை நம்பி ஊரின் ஞாபகம் முழுவதையும் ஒரு பெட்டிக்குள் போடப் போகிறோம்.

தண்ணீரூற்று எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இந்த வகை டிஸ்க் ஆய்வகத்தை விட்டு வெளியே வர இத்தனை வருடம் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நான் மெல்லிய படலங்கள் பற்றித்தான் படித்தேன், தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அது ஏன் அவ்வளவு சூடாக வேண்டும் என்று பாருங்கள். ஒரே தட்டில் கூடத் தகவல் அடைக்க வேண்டும் என்றால் காந்தத் துணிக்கைகளைச் சின்னதாக்க வேண்டும். சின்னதாக்கினால் அறை வெப்பநிலையிலேயே அவற்றின் காந்தத் திசை தானாகப் புரண்டுவிடும், எழுதியது அழிந்துபோகும். புரளாமல் இருக்க இரும்பு–பிளாட்டினம் கலந்த மிகவும் பிடிவாதமான ஒரு பொருளைப் போடுகிறார்கள். அது அவ்வளவு பிடிவாதம் என்பதால் ஹெட்டின் காந்தப் புலத்துக்கும் அசையாது. ஆகவே எழுதும் அந்தக் கணத்துக்கு மட்டும் அதை அதன் கியூரி வெப்பநிலைக்கு, அதாவது பொருள் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலைக்கு, கிட்டக் கொண்டுபோகிறார்கள், அது 450 பாகை அளவில் வரும். சூட்டில் இளகியிருக்கும்போது திசையைத் திருப்பிவிட்டால், ஆறியதும் அப்படியே நின்றுவிடும். லேசரின் அலைநீளம் 800 நனோமீற்றர் அளவு, அதை வில்லையால் எவ்வளவு குவித்தாலும் தேவையான சின்னப் புள்ளி கிடைக்காது, அதனால் ஹெட்டின் நுனியில் பொன்னால் ஆன ஒரு குட்டி அன்ரெனா இருக்கிறது. ஒளியின் சக்தியைச் சில பத்து நனோமீற்றர் அகலத்துக்குள் சுருக்கித் தட்டில் இறக்குவது அதுதான்.

இனிப் படலம். அதை எண்ணெய் என்று சொல்வது ஓரளவுக்குத்தான் சரி. பேர்புளோரோபொலியீதர் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு அது: காபன், புளோரின், ஒட்சிசன். நாங்கள் சமையலுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ விடுகிற எண்ணெயில் காபனோடு ஐதரசன் ஒட்டியிருக்கும், சூட்டில் முதலில் அடிபடுவது அந்தப் பிணைப்பு. இதில் சங்கிலி முழுக்க ஐதரசனுக்குப் பதில் புளோரின், அந்தப் பிணைப்பு மிக உறுதியானது. சங்கிலியின் இரண்டு முனைகளிலும் மட்டும் ஐதரொட்சில் கூட்டங்களை (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்தவை) வைத்திருப்பார்கள், கீழேயுள்ள கரிப் படையைப் பிடித்துக்கொள்வதற்காக. இசட்-டோல் என்ற பழைய வகையில் மொத்தம் இரண்டு பிடி, பிறகு வந்த இசட்-டெட்ராஓலில் நாலு. 1 நனோமீற்றர் தடிப்பு என்பது கிட்டத்தட்ட ஒரு மூலக்கூறு படுத்திருக்கும் உயரம். மூலக்கூறுகளில் ஒரு பகுதி தட்டோடு பிணைந்து நிற்கும், மிச்சம் அதன் மேல் நகரக்கூடியதாக இருக்கும். ஹெட் தட்டும் இடத்தில் உரசலைத் தாங்குவது பிணைந்த பகுதி, போன இடத்தை வந்து நிரப்புவது நகரும் பகுதி. இரண்டும் வேண்டும்.

சூடு பட்டால் மூன்று விதமாகப் படலம் குறையும். ஆவியாகலாம். சங்கிலி அறுந்து சிதையலாம். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: ஒன்றும் ஆவியாகாமல், ஒன்றும் சிதையாமல், வெறுமனே ஓரத்துக்கு ஓடிவிடலாம். திரவத்தின் பரப்பிழுவை சூட்டில் குறையும். நடுவில் சூடு, ஓரத்தில் குளிர் என்றால் ஓரம் பலமாக இழுக்கும், திரவம் நடுவை விட்டு வெளியே போகும். தோசைக்கல்லின் நடுவில் எண்ணெய் விட்டுப் பாருங்கள், நடு காய்ந்து ஓரத்தில் வளையமாக நிற்கும், அதுவும் இதே காரணத்தால்தான் (2021 இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் சமையல் சட்டியில் இதையே அளந்து எழுதியிருந்தார்கள்). தட்டில் சில பத்து நனோமீற்றர் தூரத்துக்குள் நூற்றுக்கணக்கான பாகை வித்தியாசம் இருப்பதால் இந்த இழுவை மிகப் பெரிது. லேசர் போன பாதையில் ஒரு பள்ளமும் இரண்டு பக்கமும் வரம்பும் விழும்.

ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு விசை இருக்கிறது. இவ்வளவு மெல்லிய படலத்தில் திரவத்துக்கும் கீழேயுள்ள திண்மத்துக்கும் இடையிலான ஈர்ப்பு ஒரு அழுக்கத்தைப் போல நடந்துகொள்ளும். தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாக அது கூடும். 1 நனோமீற்றருக்கு வழமையான எண்களைப் போட்டுப் பார்த்தால் 5 மெகாபஸ்கால் அளவு வரும், அதாவது வளிமண்டல அழுக்கத்தின் ஏறத்தாழ 50 மடங்கு. படலம் 2 நனோமீற்றர் என்றால் அதில் எட்டில் ஒன்றுதான். ஆக மெல்லியதாக இருக்க இருக்கத் தட்டு அதைக் கூட இறுக்கிப் பிடிக்கிறது. ஆவியாவதையும் இது தடுக்கிறது, பள்ளம் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து இழுத்து நிரப்புவதும் இதுதான். நீங்கள் தெரிந்த எண்ணெயை வைத்து 400 பாகையில் புகைந்துபோகும் என்று நினைப்பதற்கும் உள்ளே நடப்பதற்கும் இருக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான்: சட்டியில் இருக்கும் எண்ணெயின் கொதிநிலையை ஒரு மூலக்கூறு தடிப்புள்ள படலத்துக்குப் போட முடியாது.

அறிவியல்நகர் பெடியன் எழுதியது:

அக்கா சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன், இதைப் பார்த்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

தட்டு நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுகிறது, அதாவது செக்கனுக்கு 120. நடு ஆரை 33 மில்லிமீற்றர் என்று வைத்தால் அந்த இடத்தில் வேகம் செக்கனுக்கு 25 மீற்றர். சூடாகும் புள்ளி 50 நனோமீற்றர் அகலம் என்றால், தட்டின் ஒரு இடம் அந்தச் சூட்டுக்குக் கீழே இருக்கும் நேரம் 2 நனோ செக்கன். அதே இடம் திரும்பவும் ஹெட்டுக்குக் கீழே வர 8.3 மில்லி செக்கன் ஆகும். இரண்டையும் பிரித்தால் சூடாக இருக்கும் நேரத்தைப் போல 40 இலட்சம் மடங்குக்கு மேல் ஆறுவதற்கு இருக்கிறது. அதுவும் அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் எழுதினால்தான்.

சிதைவு என்பது வெப்பநிலையை மட்டும் பொறுத்ததல்ல, அந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் பொறுத்தது. ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியை அடுப்பில் வைத்து மெல்ல மெல்லச் சூடாக்கிச் சிதையும் வெப்பநிலையை அளந்தால் அது நிமிடக் கணக்கில் நடக்கும் விசயம். 2 நனோ செக்கனில் அதே வெப்பநிலை அவ்வளவு சேதம் செய்யாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேரும், அதை மறக்கக் கூடாது.

இதை வாசிக்கிற எங்கள் பிரிவுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2 நனோ செக்கன் என்பது நீண்ட மூலக்கூறு தன்னை நெளித்து நகர்த்தவே போதாத நேரம். அந்த நேரத்துக்குள் படலம் முழுத் திரவமாக ஓடுவதில்லை, பாதி மீள்தன்மையுள்ள திண்மம்போல வளைந்து திரும்பும். சாதாரணப் பாகுத்தன்மைச் சமன்பாட்டை மட்டும் போட்டுப் பள்ளத்தின் ஆழத்தைக் கணித்தால் விடை பிழையாக வரும். செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இதை எடுக்கலாம், கணினியில் மட்டும் செய்யக்கூடியது, ஆய்வுகூடம் தேவையில்லை.

கற்சிலைமடு எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. தோசைக்கல்லை வைத்துச் சொன்ன பிறகு படம் தெளிவாகிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும். நாங்கள் ஒரு தரம் எழுதிவிட்டுப் பிறகு வாசிக்கத்தான் போகிறோம், யாராவது படம் கேட்டு வந்தால் திறந்து காட்டுவோம். வாசிக்கும்போதும் லேசர் எரியுமா?

அறிவியல்நகர் பெடியன் எழுதியது:

இல்லை அண்ணா, எழுதும்போது மட்டும்தான். வாசிப்பது வேறு உணரி, அதற்குச் சூடு தேவையில்லை.

உங்கள் நிலைமைக்குக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், சுவாரசியமாக வருகிறது. பெரிய நிறுவனங்களுக்கான டிஸ்க்குகளில் எழுதுவதும் வாசிப்பதும் சேர்த்து ஆண்டுக்கு 550 டெராபைட் வரை என்று குறிப்பார்கள். அதில் முழுவதும் எழுத்து என்றே வைத்தாலும் 30 டெராபைட் டிஸ்க் ஒன்றில் ஒவ்வொரு இடமும் ஆண்டுக்குச் சராசரியாக 18 தரம்தான் எழுதப்படும். பக்கத்துத் தடங்களில் எழுதும்போதும் ஓரச் சூடு படும் என்பதால் இன்னும் சில மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் ஒரு இடம் ஆண்டு முழுக்கச் சூட்டில் இருக்கும் மொத்த நேரம் மைக்ரோ செக்கன் ஒன்றைக்கூடத் தாண்டாது. நீங்கள் ஒரு தரம் நிரப்பிவிட்டு வைப்பீர்கள் என்றால் அதுவும் இல்லை.

ஆனால் ஹெட்டின் பக்கம் கணக்கு வேறு. 30 டெராபைட்டைச் செக்கனுக்கு 250 மெகாபைட் வேகத்தில் நிரப்ப 33 மணித்தியாலம் ஆகும். உள்ளே 10 தட்டு, 20 ஹெட். ஒரு முழு நிரப்பலுக்கு ஒவ்வொரு ஹெட்டும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் லேசரோடு வேலை செய்கிறது. தட்டுக்கு நனோ செக்கன், ஹெட்டுக்கு மணித்தியாலம். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது என்று நினைக்கிறேன், அக்கா திருத்தவும்.

பண்டாரிகுளம் திருத்தகம் எழுதியது:

வவுனியாவில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பெரியவர்களின் பௌதிகத்துக்குள் நான் வரவில்லை, ஆனால் தம்பி வாங்கப் போவது ஊருக்காக என்பதால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மன்னாரில் இருந்து முல்லைத்தீவு வரை என்னிடம் வருகிற செத்த டிஸ்க்குகளில் கூடுதலானவை மின்சாரத்தால் செத்தவை. மின்னல், கரண்ட் போய் ஏறி இறங்குவது, சின்ன ஜெனரேற்றரில் நேரே கொழுவுவது. பலகை கருகிப்போய் வரும், தட்டுக்கு ஒன்றும் ஆகியிராது. அடுத்தது கீழே விழுந்தது. கரண்ட் திடீரென்று போனால் ஹெட் தட்டில் விழுந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், இப்போதைய டிஸ்க்குகளில் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரே அந்த நேரம் ஜெனரேற்றராக மாறி ஹெட்டைத் தன் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த கோப்பு போய்விடும், கோப்பு அட்டவணையும் குழம்பும், அதை எடுக்கத்தான் என்னிடம் வந்து நிற்பார்கள். யூபிஎஸ் இல்லாமல் 33 மணித்தியாலம் எழுதப் போகிறீர்களா? இங்கே அது நடக்காது.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண டிஸ்க்கில் காற்றுப் போய்வர ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே வடி இருந்தாலும் ஈரப்பதன் போகும். இந்தப் பெரிய டிஸ்க்குகள் ஹீலியம் அடைத்து மூடியவை, கிறவல் தூசியும் சோளகக் காற்றும் உள்ளே போகாது. அது நல்ல விசயம். கெட்ட விசயம், அதைத் திறந்து திருத்த இங்கே யாராலும் முடியாது. என்னாலும் முடியாது.

இன்னும் ஒன்று, புதிதாக வருகிற எல்லா டிஸ்க்கிலும் லேசர் இருக்கிறது என்று ஒரு கதை கடைகளில் உலாவுகிறது. இல்லை. நீங்கள் 1, 2 டெராபைட்டில் வாங்கும் யூஎஸ்பி டிஸ்க் எதிலும் அது கிடையாது.

தண்ணீரூற்று எழுதியது:

பெடியன் போட்ட கணக்கில் திருத்த ஒன்றுமில்லை, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். முதல் பதிலில் நான் தட்டைப் பற்றி மட்டும் சொன்னேன், ஹெட்டைப் பற்றிச் சொன்னால்தான் முழுமையாகும்.

எழுதும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையில் 1, 2 நனோமீற்றர் இடைவெளிதான். ஹெட்டுக்குள் ஒரு சின்ன வெப்பமாக்கி இருக்கிறது, அதைக் கூட்டிக் குறைத்து நுனியைப் புடைக்க வைத்து அந்த இடைவெளியைக் கட்டுப்படுத்துகிறார்கள். இந்த நிலையில் தட்டிலிருந்து கிளம்பும் மூலக்கூறு எங்கே போகும்? நேரே மேலே, ஹெட்டில். கீழே தட்டு மிகச் சூடு, மேலே ஹெட் அதைவிடக் குளிர், ஆகவே ஆவி போய் அங்கே படிகிறது. அப்படிப் படிவது உராய்வுநீக்கி மட்டுமல்ல, பெட்டிக்குள் இருக்கும் வேறு அழுக்குகளும் சேரும். படிவு ஒளியை உறிஞ்சினால் அது இன்னும் சூடாகும், சூடானால் கருகும், கருகினால் இன்னும் உறிஞ்சும். அந்தப் பொன் அன்ரெனா ஏற்கனவே தன் சூட்டிலேயே மெல்ல உருமாறக்கூடியது, பொன் இளகிய உலோகம். படிவு கூடினால் இடைவெளியும் குழம்பும், அன்ரெனாவின் ஆயுளும் குறையும். தட்டில் ஒரு சதவீதம் படலம் குறைவதை விட, குறைந்த அந்த ஒரு சதவீதம் எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பலர் எழுதுவதை வாசித்தால் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளம் நிரம்பும். ஹெட்டில் கருகி ஒட்டியது திரும்பித் தட்டுக்கு வராது.

ஆகவே உராய்வுநீக்கியை வடிவமைப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் இழுபறி. நன்றாகப் பிணைந்து நிற்கட்டும் என்று பிடிகளைக் கூட்டினால் ஆவியாவது குறையும், ஹெட்டுக்குப் போவது குறையும், ஆனால் நகரும் பகுதி குறைவதால் போன இடத்தை நிரப்ப ஆளில்லை. நகரட்டும் என்று விட்டால் நிரம்பும், ஆனால் பறக்கும். நீளமான சங்கிலி குறைவாக ஆவியாகும், ஆனால் படுத்திருக்கும் உயரம் கூடும், ஹெட்டைத் தாழப் பறக்க விட முடியாது. ஒரு நனோமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்காகச் சண்டை பிடிக்கிற துறை இது. சங்கிலியின் முனைகளில் மட்டுமல்லாமல் நடுவிலும் பிடிகளை வைத்த மூலக்கூறுகள் வந்ததற்கு இதுதான் காரணம்: நீளமாக இருந்தாலும் பல இடத்தில் பிடித்துத் தட்டோடு தாழப் படுத்திருக்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விசயம் அது.

வெக்கையைக் கேட்டீர்கள். அறை 30 பாகையா 38 பாகையா என்பது 450 பாகைக்கு முன்னால் படலத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டிஸ்க் முழுவதற்கும் வித்தியாசம்தான். பொதுவாக 60 பாகை வரை இயங்கலாம் என்று குறித்திருப்பார்கள், தகரக் கூரைக்குக் கீழே காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் வைத்து 33 மணித்தியாலம் எழுதினால் அந்த எல்லைக்குக் கிட்டப் போய்விடும். இரவில் எழுதுங்கள், ஒரு விசிறியை நேரே பிடியுங்கள்.

கற்சிலைமடு எழுதியது:

அப்படியென்றால் எங்கள் தேவைக்கு உராய்வுநீக்கி ஒரு பிரச்சினை இல்லை, ஆனால் 30 டெராபைட்டை ஒரே பெட்டியில் வைப்பது சரியா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த அண்ணரிடம் என்ன சொல்ல?

பண்டாரிகுளம் திருத்தகம் எழுதியது:

உங்களிடம் இருப்பது 7 டெராபைட். அதே காசுக்கு 12 டெராபைட் அளவில் சாதாரண டிஸ்க் இரண்டு வாங்கித் தரச் சொல்லுங்கள், முடிந்தால் மூன்று. ஒன்று நிலையத்தில், ஒன்று வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நம்பிக்கையான ஒருவர் வீட்டில். லேசர் டிஸ்க் என்ன, தங்கத்தால் செய்த டிஸ்க் என்றாலும் ஒரே பிரதி என்றால் அது பிரதியே இல்லை. இன்னொரு விசயம், இந்த அளவு டிஸ்க் எல்லாம் பெரிய மூன்றரை அங்குல வகை, யூஎஸ்பியில் வரும் மின்சாரம் போதாது, தனி 12 வோல்ற் அடப்டரோடு கூடிய பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் ஓட விட்டுக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். யூபிஎஸ்ஸின் பற்றரி இரண்டு வருடத்துக்கு மேல் பழசு என்றால் அதையும் மாற்றுங்கள்.

தண்ணீரூற்று எழுதியது:

அண்ணை சொல்வதுதான் சரி. அந்த ஊர்க்காரர் 30 டெராபைட்தான் வாங்குவேன் என்று நின்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கி மூன்றாவது பிரதியாக வையுங்கள். ஆனால் சிதறிக் கிடக்கும் சின்ன டிஸ்க்குகளைப் புதியது நிரம்பியதும் அழித்துவிடாதீர்கள். கோப்புகளின் சரிபார்ப்பு எண்களை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் எண், உள்ளடக்கம் மாறினால் அதுவும் மாறும்) இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அவை இருக்கட்டும். அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்று பெடியன் எழுதினால் உதவியாக இருக்கும்.

அறிவியல்நகர் பெடியன் எழுதியது:

எழுதுகிறேன் அக்கா. அண்ணா, உங்கள் கொம்பியூட்டரில் விண்டோசா லினக்சா? அதைச் சொன்னால் அதற்கேற்றபடி தனி இழையாகப் போடுகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் சனிக்கிழமை நேரே வந்தும் செய்து தரலாம், எனக்கும் அந்தக் கணக்குக் கொப்பிகளைப் பார்க்க ஆசை.